மச்சானின் டீவியேஷன்

என் மனைவியின் தம்பி சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. நான் ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இந்த இரண்டு அதிகாரிகளில் யாருக்கு மதிப்பு அதிகம் என்பதை மண்ணூரில் மாமியார் வீட்டுப் பந்தியில் யாருக்கு முதலில் இலை போடுகிறார்கள் என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். அவன் பெரும்பாலும் நடுக்கடலில் இருப்பதால் எனக்குப் போடுகிறார்கள்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை நாங்கள் மண்ணூரில் இருந்தபோது அவனிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. “டீவியேஷன் ஆயிடுச்சு. லேட் ஆகும். ஆபீஸ்ல கேள்வி மேல கேள்வி. அப்புறம் பேசறேன்.” அதன் பிறகு ஆளைக் காணோம். அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த கப்பலில் அவன் தலைமை அதிகாரி. முடியாவிட்டால் என்ன என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

மாமியார் சோற்றுக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

“டீவியேஷன்னா இன்னா மாப்ள? நீங்க கூட போன்ல அத்தயே சொல்லிக்கினு இருப்பீங்களே.”

கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது டீவியேஷனைப் பற்றி. என் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. வரைபடத்தில் உள்ள அளவிலிருந்து ஒரு உதிரிபாகம் மயிரிழை விலகினால் எங்கள் ஆலையில் அதன் பெயர் டீவியேஷன். அதற்கு மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியாக உட்கார வைப்போம். செய்தவனையும் ஏறக்குறைய அப்படித்தான். பிறகு ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்போம். ஐந்தாவது ஏனுக்குள் எவனும் ஒப்புக்கொண்டுவிடுவான்.

“அளவு தப்பிடுச்சுன்னு அர்த்தம் அத்தை. யாரோ தப்பு பண்ணியிருக்காங்க.”

“யாரோன்னா?”

“அவன் ஷிப்ட்ல நடந்திருந்தா, அவன்தான்.”

“அப்ப வேல பூடுமா?”

“முதல் தடவைன்னா மெமோவோட விட்டுடுவாங்க” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். மாமியார் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டார். “கேட்டா தெரியலன்னு சொல்லவே தெரியாதா உங்களுக்கு?” என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள். அதற்கும் ஒரு பதில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமையும் செய்தி இல்லை. மாமியார் வாசலுக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் டீ குடிக்கும்போது எங்கள் லைன் சூப்பர்வைசர் கேட்டார்:

“இன்னா சார், ரிஜெக்ட் ஆன பீஸ் மாரி கீற?”

விஷயத்தைச் சொன்னேன்.

“கப்பலுக்கு இன்னா சார் அளவு? தண்ணி மேல கோடா போட்டு வச்சிகீறாங்கோ?”

அது கேலி என்று நினைத்துக் கடந்து போனேன். ஆலையில் உட்கார்ந்து மச்சானுக்காக ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன். ஐந்து ஏன்களும் இருந்தன. நடந்ததே தெரியாததால் பதில்களைப் பொதுவாக எழுதினேன்: கவனக்குறைவு, தூக்கமின்மை, பயிற்சிப் போதாமை. கடைசிக் கட்டம்தான் முக்கியம்: ‘இனி இவ்வாறு நிகழாமல் இருக்க எடுக்கும் நடவடிக்கை’. அதில், ‘இனி குறித்த பாதையை விட்டு எக்காரணம் கொண்டும் விலக மாட்டேன்’ என்று அழுத்தமாக எழுதி மச்சானுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவைத்தேன். என்னை யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தால் இப்படி ஒரு கடிதம்தான் வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

மாலையில் நான் மண்ணூர் போய்ச் சேர்ந்தபோது அவன் அழைப்பு வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் சிரிப்புத்தான் கேட்டது.

“மாமா, உங்க லெட்டர கேப்டன்கிட்ட காட்டினேன். ஆபீசர்ஸ் மெஸ்ஸே சிரிக்குது.”

“டேய், வேல இருக்கா இல்லையா, அத சொல்லு மொதல்ல” என்றாள் அவன் அக்கா.

“இருக்குக்கா. ஏன் போவுது?”

மாமியார் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நடந்தது வெளியே வந்தது.

செய்தி வந்ததற்கு முந்தின நாள், கப்பலில் மதிய வேளைக் காவல் அவனுடையது. தூரத்தில் ஏதோ மிதந்தது. பிளாஸ்டிக் பீப்பாய் என்று நினைத்தானாம். இருந்தாலும் பைனாகுலரை மறுபடி எடுத்தான். ஒரு கம்பில் லுங்கி கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நின்றுபோய் பல நாளாக அலைந்துகொண்டிருந்த மீன்பிடிப் படகு. கேப்டனைக் கூப்பிட்டான். அவர் பார்த்தார், கப்பலைத் திருப்பச் சொன்னார்.

“எங்க கப்பலோட பக்கவாட்டு அடுக்குமாடி வூடு ஒசரம்மா. காத்துக்குக் குறுக்க நிறுத்தி, அந்த மறைவுல படகக் கொண்டாந்து, ஏணி வுட்டோம். ஒருத்தருக்குக் காலே நிக்கல. இடுப்புல கயிறு கட்டித் தூக்கினோம்.”

“எந்த ஊரு ஆளுங்கடா?” என்றார் மாமியார்.

“நம்ம நாடு இல்லம்மா. சட்டத்துல அதக் கேக்கக் கூடாது.”

கப்பல் பாதையை விட்டு விலகினால் அதன் பெயர் டீவியேஷன். சும்மா விலகினால் சரக்குக்காரன் வழக்குப் போடலாம். உயிரைக் காப்பாற்ற விலகினால் அது குற்றம் இல்லை. தன் கப்பலுக்குப் பெரிய ஆபத்து இல்லையென்றால் காப்பாற்றப் போயே ஆக வேண்டும். முதலாளியே தடுத்தாலும் கேப்டன் கேட்க வேண்டியதில்லை. கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள், பின்னால் வருகிற வேறு கப்பலிடம் விட்டிருக்கலாமே என்று கேட்டார்களாம். “பார்த்தது நாங்கள்” என்று மட்டும் கேப்டன் பதில் அனுப்பினாராம். கரையில் இறக்க அனுமதி வரத்தான் தாமதம். திங்கட்கிழமை காலைதான் ரோந்துப் படகு வந்து எல்லோரையும் பத்திரமாக அழைத்துப் போய்விட்டது.

“அந்தக் கடைசிக் கட்டத்துல இன்னா எழுதறது மாமா? இனிமே ஆள் தத்தளிச்சா பாக்காத மாதிரி போறேன்னா?”

எனக்குச் சட்டத்தை விட அந்தப் பைனாகுலர்தான் மனதில் நின்றது. பார்த்துவிட்டால் கப்பலைத் திருப்பச் சொல்லச் சட்டம் இருக்கிறது. பீப்பாய் என்று முடிவு செய்த பிறகும் இன்னொரு முறை பார்த்தது அவன் சொந்தச் செலவு. எங்கள் நெடுஞ்சாலையில் விழுந்து கிடக்கும் பைக்கைத் தாண்டும்போது கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறோம். ஷிப்ட்டுக்குக் கார்டு பஞ்ச் செய்யும் நேரமும் ஞாபகம் வருகிறது; பஸ் நிற்பதில்லை.

மாமியாருக்கு வேறு ஞாபகம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் வெள்ளம் வந்த வருடம் நாங்கள் குன்றத்தூர்ப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடியிலிருந்து எங்களை இறக்கியது லாரியில் வந்த மீனவர் படகு. புத்தகப் பெட்டிக்கும் இடம் உண்டா என்று நான் கேட்டதும், “நீ ஏறு சார், பொட்டி நீந்தி வரும்” என்று படகுக்காரர் சொன்னதும் இந்தக் குடும்பத்தில் அழியாத வரலாறு.

“அன்னிக்கி நம்மள தூக்கினாங்கோ. இன்னிக்கி நம்ம புள்ள தூக்கிகீறான்” என்றார் மாமியார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை விட்ட பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

டீவியேஷன் என்ற சொல்லை அவர் அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம்புள்ள டீவியேஷன் பண்ணிட்டான். சீஃப் ஆபீசர் ஆவப் போறான். எங்க மாப்ளையும் அதே டிபார்ட்மெண்ட்டுதான். பாவம், அவருக்கு இன்னும் ஒண்ணும் அமையல.”