வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிற்காத கம்ப்யூட்டர்

முதல் தடவை நின்றபோது மௌஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அம்புக்குறி திரையின் நடுவில் ஒட்டவைத்தது போல நின்றது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. ரீசெட் பட்டனை அழுத்தி உயிர் வந்த பிறகு பார்த்தால், அரை மணி நேரம் அடித்தது எதுவும் இல்லை. இரண்டாவது தடவை நீலத் திரை வந்தது. மூன்றாவது தடவை தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது. ஒரே மாதிரி கெட்டால் ஒரு காரணம் தேடலாம். மூன்று விதமாகச் சாகிற ஒன்றை எங்கே பிடிப்பது?

நான் அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வேலூர் போய்ப் படித்தேன். எங்கள் வீடு ஒரு தோல் ஷாப்பின் மதில் சுவரை ஒட்டிய லைன் வீடு. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஷாப்பு முதலாளி வேலைக்காரர்களுக்கென்று எட்டு வீடுகள் கட்டிவிட்டிருந்தார். அப்பாவுக்கு அந்த ஷாப்பில் தோல் ஊறிச் சுழலும் சுண்ணாம்பு ட்ரம்மில் வேலை. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பேஸ்டிங் டேபிளில் இருந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு எண்கள் மட்டும் எழுத வரும்.

ஒரு வருட போனஸ் முழுவதையும் போட்டு அப்பா அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். வேலூரில் ஓர் அசெம்பிள் கடைக்காரர் எங்கள் எதிரிலேயே பாகங்களைக் கோத்துத் தந்தார். யுபிஎஸ் வேண்டுமா என்று கேட்டார். "எங்க வீட்ல கரண்ட்டே போவாது அண்ணா" என்றேன் பெருமையாக. அது பொய்யில்லை. ஊரெல்லாம் இருட்டானாலும் ஷாப்பின் ஜெனரேட்டர் ஓடும், லைன் வீடுகளுக்கும் வெளிச்சம் வரும். ஷாப்பிலிருந்துதான் எங்களுக்குக் கரண்ட் என்பதை மட்டும் சொல்லவில்லை. லைன் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடுமே.

பிராஜெக்ட்டாக நான் எடுத்துக்கொண்டது ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகளைப் பதிவு செய்யும் புரோகிராம். அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் ஒரு வருடம் போகும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளே முதன்முதலாகக் கல்லூரியில் தோற்றவளும் ஆவேன்.

நானே சரி செய்துவிடுவேன் என்று இறங்கினேன். விண்டோஸை மூன்று முறை அழித்துப் போட்டேன். வைரஸ் தேடினேன். மெமரி கார்டைக் கழற்றி, சீனியர்கள் சொன்னபடி ரப்பரால் அதன் பற்களைத் தேய்த்து மாட்டினேன். அன்று மாலை முழுவதும் நிற்காமல் ஓடியது. அந்த மாலை வெள்ளிக்கிழமை என்பதை நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள்.

"வெள்ளிக்கெழமையில நிக்கறதே இல்ல பாரு. நான் பொட்டு வெச்சு சாம்பிராணி காட்றேன் இல்ல, அதான்" என்றாள்.

"நீ ஈரத்துணியால தொடைக்கறதாலதான் மத்த நாள்ல நிக்குது" என்றேன். "உனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?"

அதற்குப் பிறகு அம்மா அந்த மூலைப் பக்கமே வரவில்லை. பெருக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுப் பெருக்கினாள்.

கடைசியில் சிபியூவைத் துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஒரு தபாகூட நிக்கல சிஸ்டர். மெஷினு நல்லாத்தான் கீது. உங்க வூட்லதான் இன்னாவோ இருக்கு. கரண்ட்டு எப்டி, தனி மீட்டரா?"

"தனி மீட்டர்தான்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையால் விஷயம் அங்கேயே முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் நின்றது.

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. பரீட்சைக்காகக் கல்லூரி லேபைப் பூட்டிவிட்டார்கள். முதல் தடவையாக ஒரு முழுப் பகல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தேன். பத்து பத்துக்கு நின்றது. பதினொன்று பத்துக்கு நீலத் திரை. பன்னிரண்டு பத்துக்கு நின்றபோது நான் டேட்டாபேஸில் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்ப எழுப்பினால், அந்த ஃபைல் திறக்க முடியாதபடி கெட்டிருந்தது. முந்தைய நாள் எடுத்து வைத்த காப்பி இருந்தது. ஆனால் கடிகாரம் பார்த்து வருகிறதே என்று, காலையிலிருந்து நோட்டில் எழுதி வந்த நேரங்களைத் திரும்பப் பார்த்தேன். மணிக்கணக்குப் பார்த்து அடிக்கிற வைரஸ் உண்டு என்று படித்திருந்தேன். ஆனால் டிஸ்க்கையே அழித்துவிட்டுப் போட்ட பிறகு அது எங்கிருந்து வரும்?

அன்று பன்னிரண்டரைக்குச் சாப்பிட வர வேண்டிய அப்பா வரவில்லை. அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். கூப்பிட நான்தான் போனேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் ஷாப்புக்குள் கால் வைத்ததே இல்லை. ரயிலில் கூட வரும் தோழிகளிடம் அப்பா லெதர் எக்ஸ்போர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு ட்ரம் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு மரத்தாலான ட்ரம்.

"இன்னா பாப்பா, இங்க ஏன் வந்த? நாத்தம் அடிக்கும், போ."

"சாப்பாடு ஆறிப்போச்சுப்பா."

"ஒண்ணு பத்துக்கு ஒரு ஓட்டு ஓட்டிட்டு வர்றேன். மணிக்கு ஒருவாட்டி தோலு பொரளணும். இல்லன்னா சுண்ணாம்பு ஒரே பக்கமா புடிச்சிக்கும்."

ஒண்ணு பத்து என்றதும் நிமிர்ந்தேன். ட்ரம் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் அப்பாவின் கோணல் எண்களில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 10.10, 11.10, 12.10.

காலையிலிருந்து என் நோட்டில் நான் எழுதி வைத்த அதே மூன்று வரிகள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சுவிட்சைத் தள்ளினார். ட்ரம் முனகிக்கொண்டு அசைந்த அந்த நொடியில் தலைக்கு மேலிருந்த குண்டு பல்பு மங்கித் தெளிந்தது.

எங்கள் வீட்டு விளக்கும் அப்படித்தான் மங்கித் தெளியும். நான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். லைன் வீட்டில் யாருக்கும் அது கண்ணில் படுவதே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்று ஷாப்புக்கு வார லீவு. ட்ரம் சுற்றாது. இவ்வளவையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ரப்பரால் மெமரியைத் தேய்த்திருக்கிறேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கை தட்டில் அப்படியே நின்றது.

"அப்போ நான்தான் நிறுத்தறேனா?"

"நீ இல்லப்பா. ட்ரம்மு."

"ட்ரம்ம யாரு போடறாங்க?"

எஸ்டிடி பூத்திலிருந்து கடைக்காரருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "ட்ரம் மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே லைனா? மோட்டாரு எழும்பறப்ப கரண்ட்டு எறங்கிடும். இத்தினி நாளு மெஷினு உசுரோட இருந்ததே ஜாஸ்தி. தனி மீட்டர்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றார். யுபிஎஸ் ஸ்டாக் இல்லை, புதன்கிழமைதான் வரும் என்றார்.

சாயந்திரம் அம்மா வந்ததும், ஈரத்துணி காரணமில்லை என்றேன். "தெரியும்" என்றாள். "மெத்தப் படிச்சவ சொல்றியேன்னு சும்மா இருந்தேன்."

ட்ரம்மை நிறுத்த முடியாது, தோல் வீணாகிவிடும். அதனால் நான் நிறுத்தினேன். ஒவ்வொரு மணியும் தாண்டி ஐந்து நிமிஷம் ஆனதும் எல்லாவற்றையும் சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். நான் எதிர்பாராதது அப்பா செய்ததுதான். ஒவ்வொரு தடவையும் சுவிட்சுக்குப் போகும் முன்னால் மதில் சந்து வழியாக எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"போடலாமா?"

என்னிடம் அப்பா இதுவரை எதற்கும் அனுமதி கேட்டதில்லை. முதல் தடவை தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. நான்கு ஃப்ளாப்பியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மூன்றாவது ஃப்ளாப்பி கடகடவென்று சத்தம் போட்டு, எழுத முடியாது என்றது. வேறு ஒன்றைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஜன்னலில் அப்பா.

"ரெண்டு நிமிஷம்பா."

அவர் அங்கேயே நின்றார். ஐந்து பத்து ஆனது, ஐந்து பதினைந்து ஆனது. மதிலுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் குரல் கேட்டது.

"ஏம்பா, ட்ரம்மு இன்னாச்சு? மணி பாக்கல?"

"பொண்ணு காப்பி பண்ணுது மேஸ்திரி."

"இன்னா காப்பி?"

"தெரியாது. ஆச்சுன்னு சொல்லும், போட்டுர்றேன்."

"தோலு வீணாச்சுன்னா உன் பொண்ணா வந்து பதில் சொல்லும்?"

"சொல்லும்" என்றார் அப்பா. "அது சொல்லும்."

மேஸ்திரிக்கு எதிராக அப்பா ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. இன்று பேசியதும் எனக்காக, என்னவென்றே தெரியாத ஒரு வேலைக்காக.

நான்காவது ஃப்ளாப்பியின் விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரையும் அணைக்கப் போனேன்.

"ஆச்சுப்பா, போடு."

அவர் நகரவில்லை. "நல்லா ஏறிச்சா? தொறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை. மேஸ்திரி மறுபடி கத்தினார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாரு, நான் நிக்கறேன்" என்றார். ஒவ்வொரு ஃப்ளாப்பியாகப் போட்டு, நான்கையும் திறந்து பார்த்தேன். அதன் பிறகுதான் அவர் போனார்.

திங்கட்கிழமை லேபில் நான்கும் திறந்தன.