எனக்குத் தெரிந்த இங்கிலிஷ்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இங்கிலிஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அந்தக் குடம் நான்தான். வவுனியாவிலிருந்து தையல் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தங்கை, அதனால்தான் படம் பார்க்க என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அது ஒரு பனி நாட்டுப் படம். ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு மண்டபத்தில் இலவசமாகக் காட்டினார்கள். சித்தி விரும்பியிருந்த ஒருவர் அந்த நாட்டில்தான் இருந்தார். அந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. அவர் இருக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிட அவளுக்கு ஆசை.

படத்தில் பாட்டில்லை, சண்டையில்லை. கையில் காசில்லாமல் எடுத்திருப்பார்கள் போல. ஓர் அறை, ஒரு சலவைக் கடை, ஒரு பஸ் தரிப்பிடம், அவ்வளவுதான். ஒருவன் தனியே சூப் குடித்தான். ஒருத்தி தனியே துணி மடித்தாள். முன்வரிசையில் யாரோ குறட்டை விட்டார். சித்தி மட்டும் கண்வெட்டாமல் பார்த்தாள்.

"இவ்வளவு குளிருக்க எப்பிடித்தான் தனிய இருக்கினமோ" என்றாள்.

கீழே ஓடிய இங்கிலிஷ் எழுத்துகளை அவள் காதுக்குள் தமிழாக்குவது என் வேலை. கடைசியில் அவன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். திரையில் மூன்றே சொல்: ஐ மிஸ் யூ.

"என்னவாம்?"

அப்பா காலையில் மட்டக்குளி பஸ்ஸை மிஸ் பண்ணுவார். எனக்குத் தெரிந்த மிஸ் அது ஒன்றுதான். "உன்னைத் தவறவிட்டிட்டனாம், சித்தி."

சித்தி கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். உள்ளே அச்சடித்த அதே மூன்று சொல், கீழே ஒரு கையெழுத்து.

"இதுவும் அதுதானே?"

"ஓம், அதேதான்."

அதன் அர்த்தத்தை யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, மாதக்கணக்காக வைத்திருந்திருக்கிறாள். அந்தக் கார்டுக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமும் இல்லை. மண்டபத்தில் விளக்கைப் போட்ட பிறகும் சித்தி அழுதாள். படம் நல்ல சோகப்படம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவர் இல்லாமல் தவிப்பதற்கும் இங்கிலிஷில் அதே சொல்தான் என்று படிக்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அந்த வாரமே சித்தி, அதுவரை தட்டிக்கழித்து வந்த சம்பந்தத்துக்கு ஓம் என்றாள். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வெளிநாட்டிலிருந்து ஒரு டெலிபோன் கோல் வந்தது, அந்தக் கார்டை அனுப்பியவர்தான். ஊரில் யாரிடமோ எங்கள் நம்பரை வாங்கியிருந்தார். அங்கே அகதி முகாமில் அடைபட்டிருந்ததால் எழுத முடியவில்லையாம், சித்தியோடு கதைக்க வேண்டுமாம். சித்தி சேலை எடுக்கப் போயிருந்தாள். அவளுக்குக் கலியாணம் என்பதை நான் இங்கிலிஷிலேயே சொன்னேன்.

அவர் மெல்ல, "நீங்கள் நல்லா இங்கிலிஷ் கதைக்கிறீங்கள், பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சித்தி வந்ததும் ஓடிப்போய், வெளிநாட்டு மாமா ஒருவர் அவளைக் கேட்டதையும் என் இங்கிலிஷைப் புகழ்ந்ததையும் சொன்னேன். சேலைப் பையோடு வாசலிலேயே நின்றாள். காலி வீதி வெயில் அவளைக் களைப்பாக்கிவிட்டது என்று நினைத்து, குசினிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.