ருஷ்தாவிடம் கேட்காத தெரு

கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வாடியில் மீன் தரம் பிரிப்பவள் ருஷ்தா. வயது முப்பத்தொன்று. ஊரில் சிலர் அவளுக்கு மூளை பிசகு என்பார்கள். அவள் பிரித்த கூடையில் ஒரு பழுது மீனைக் காட்டட்டும், பார்க்கலாம். டொக்டர் சொன்ன பெயர் ஓட்டிசம். கண் கூசும் வெளிச்சமும் கீச்சுச் சத்தமும் அவளுக்குத் தாங்காது. அதனால் ஒன்பது வருடமாகப் பூவரசு நிழல் விழுந்த ஒரே தெருவால்தான் தனியாக வேலைக்குப் போய் வந்தாள்.

இவளைப் போன்றவர்களுக்காகத் திருத்துகிறோம் என்று பிரதேச சபைக்காரர்கள் வந்துதான் அந்தத் தெருவைக் கெடுத்தார்கள். மரங்களைத் தறித்தார்கள். பளபளக்கும் வெள்ளைக் கல் பதித்தார்கள். பாதசாரிக் கடவையில் விளக்கு மாறும்போதெல்லாம் கீச்சிடும் சிக்னல் கம்பத்தை நட்டார்கள். ஒருவராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நான்கு மாதமாக அவள் வீட்டிலேயே கிடந்தாள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியே தீருவதென்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து நின்றாள் ருஷ்தா. தெரு வேலைக்குப் பொறுப்பான அதிகாரி அவளுடைய உம்மா பளீலாவிடம் கேட்டார்: "மகளுக்கு ரோட்டு புடிச்சிருக்கா?"

"நடக்கிறது அவ. அவகிட்டயே கேளுங்க."

"மரத்த வெட்டிட்டீங்க. இதுல எனக்கு நடக்க ஏலாது," என்றாள் ருஷ்தா.

அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். "தங்கச்சிக்கு நல்லாப் புடிச்சிருக்காம்." கூட்டம் கைதட்டியது.

ருஷ்தா நேரே போய் ஒரு கையால் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். தெரு அடங்கியது. மற்றக் காதிலிருந்தும் கையை எடுத்தாள்.

"இப்ப என்கிட்ட கேளுங்க," என்றாள்.