கிழிந்த சீலும் கேட்காத பேஸும்

என் அக்காவுக்குச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் தருகிறார்கள். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்துச் சீல் வைக்கும் இன்ஸ்பெக்டர் அவள். சீல் கிழிந்திருந்தால் வழக்குதான். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. இருபது வருஷமாக இதைச் செய்கிறவள் வீட்டில் மட்டும் எப்படி மாறிவிடுவாள்? பாலை முகர்ந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்தவர் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பாட்டுக்குழுவில் அவள் பேஸ் கிட்டார் வாசிப்பாள். நான் டிரம்ஸ். பாடுவது அத்தானின் தம்பி. அத்தான், அதாவது அக்காவின் கணவர், அரங்கின் கடைசியில் மிக்ஸர் முன் உட்கார்ந்து எங்கள் சத்தங்களைக் கூட்டிக் குறைப்பார். வாயில்லாப் பூச்சி.

போன வருஷம் அக்கா பழைய ஃபஸ் பெடல் ஒன்றை வாங்கினாள். காலால் மிதித்தால் பேஸின் சத்தத்தைக் கரகரவென்று உறும வைக்கும் பெட்டி. உறுமல் வந்தால் அடிவயிற்றில் இடிக்கும் கனம் குறைந்துவிடும். அதனால் சத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெடல் வழியாகவும் மற்றதைச் சுத்தமாகவும் அனுப்பி, கடைசியில் ஒரு சின்னப் பெட்டியில் கலந்தாள். வீட்டில் டிபன் டப்பா அளவு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். அந்த ஸ்பீக்கரில் எந்தக் காலத்தில் கனம் கேட்டிருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை.

முதல் நிகழ்ச்சி முடிந்ததும் அவள் ஆபீஸ் கிளார்க் வந்தார். "மேடம், நீங்க வாசிச்சதே கேக்கலையே. சும்மா நின்னுட்டிருந்தீங்களா?"

அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "உன் அத்தான் என்னைக் குறைச்சுட்டுத் தம்பியைத் தூக்கி விடுறார்டி," என்றாள் என்னிடம்.

"அவர் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் பண்ண மாட்டார்க்கா."

"தராசுல கை வைக்கிறவன் எல்லாம் அப்படித்தான் இருப்பான். சிரிச்சுக்கிட்டே எடை போடுவான்."

அதற்குப் பிறகு அத்தான் எது செய்தாலும் சாட்சியமானது. தம்பியோடு போனில் பேசினால் சதி. பேசாவிட்டால் பெரிய சதி. அடுத்த நிகழ்ச்சியன்று மதியம், மிக்ஸரில் தன் பேஸின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை அவளே ஓர் அளவில் நிறுத்தி, யாரும் பார்க்காதபோது குறுக்கே நூல் அகலத்துக்கு ஒரு காகிதத்தை ஒட்டினாள். மேடையில் விரல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். இரண்டு முறை தாளம் தவறிவிட்டு, தவறியது நான்தான் என்பதுபோல என்னை முறைத்தாள்.

முடிந்ததும் நேரே மிக்ஸரிடம் ஓடினாள். அத்தான் வழக்கம்போல எல்லா ஸ்லைடர்களையும் கீழே இறக்கி வைத்திருந்தார். காகிதம் கிழிந்திருந்தது.

"நான் வாசிக்கும்போது இதுல கை வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"யாருக்குக் காது குத்தப் பாக்குறீங்க?"

அத்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அது சீல் என்று புரிய அவருக்கு நேரமாகவில்லை. "என்னையுமா?" என்று மட்டும் கேட்டார். ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டிலும் சாப்பாடு, சாவி தவிர இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. எனக்கு அக்கா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

புது ஆள் வந்தார். அப்போதும் பேஸ் கேட்கவில்லை.

"இந்த ஆளையும் அவர்தான் ஏவி விட்டிருக்கார்," என்றாள் அக்கா.

"ஊர்த் தராசெல்லாம் சோதிக்கிறியே, உன் பெட்டியைச் சோதிச்சியாக்கா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலி அரங்கில் சோதித்தோம். சுத்தமான சத்தம் மட்டும் விட்டாள், தரை அதிர்ந்தது. ஃபஸ் மட்டும் விட்டாள், உறுமியது. இரண்டையும் சேர்த்தாள். நோஞ்சானாக ஏதோ முனகியது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு தட்டுலயும் ஒரே எடைடி," என்றாள் மெதுவாக. "முள்ளு நடுவுல நிக்குது."

அந்தப் பெடல் ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சுத்தமான சத்தம் மேலே ஏறும்போது இது கீழே இறங்கும்; இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ரிப்பேர் கடைக்காரர் உள்ளே ஒரு சின்னப் பாகத்தைச் சேர்த்து அலையை நேராக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கு எந்தப் பக்கம் தள்ளினீங்க?"

"மேல." அவர் காலரைத் திருப்பிப் போட்டார். "உன் சத்தத்தையே காணோம். முட்டுற வரைக்கும் மேல தள்ளினேன்."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை. கை வெச்சீங்களான்னுதானே கேட்ட."

அக்கா அழுதாள், மன்னிப்பும் கேட்டாள். அத்தான் திரும்பி வந்துவிட்டார். இப்போது அவள் பேஸில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் அவர் மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார்: "உன் ஸ்லைடர்ல கை வைக்கலாமா?" அது கேலியா, ஆறாத கோபமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அக்காவும் மேடையிலிருந்து அவர் முகத்தில் அதைத்தான் தேடுகிறாள். பிறகு சரி என்று தலையை ஆட்டுகிறாள்.