கதவில் சாய்ந்திருந்த முதுகு

உங்கள் கண்ணெதிரே ஒருத்தன் அரிவாளோடு ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு வருகிறான். நீங்கள் எழுந்திருப்பீர்களா, மாட்டீர்களா? சட்டென்று சொல்லுங்கள். யோசிக்க நேரம் கிடையாது.

எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்து நாள் முன்பு யோசிக்க வேண்டிய மட்டும் யோசித்திருந்தேன். காலேஜ் டிபேட்டில் இதேதான் தலைப்பு. ஆயுதத்தோடு வருபவனை வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்த்தே ஆகவேண்டுமா? ஆகவேண்டும் என்று வெளுத்துக் கட்டினேன். சும்மா உட்கார்ந்திருப்பவன் பாதிக் கொலைகாரன் என்றேன். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. வெள்ளிக் கப் கொடுத்தார்கள்.

கப்பை நம் பஜனைக் கூடத்துக்கு எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினேன். அங்கே பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், பண்ணும் வரதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் என் அத்தை பிள்ளை. பள்ளிக்கூடத்தை நாலாவதோடு விட்டவன். என்னைவிட ஒரு வயது பெரியவனாக இருந்தும் நான் அவனுக்கு மரியாதை கொடுத்ததில்லை.

"டேய் பார்த்தா, ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே அரிவாளோட எவனாவது வந்தா உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றான்.

"கூப்பிடுடா. நீ புளியோதரையைப் பார்த்துக்கோ" என்றேன்.

அது போன மார்கழி. மைசூர் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். அக்ரஹாரத்தில் விடியற்காலம் பல் கிடுகிடுக்கும். கூடத்தின் பின்சுவரில் மடைப்பள்ளிக்குப் போகிற சின்னக் கதவு இருக்கிறதே, அதில் சாய்ந்து உட்கார்ந்தால் அடுப்புச் சூடு முதுகில் இதமாக ஏறும். அந்த இடத்தை நான் யாருக்கும் விடமாட்டேன். கதவு கூடத்துப் பக்கமாகத்தான் திறக்கும். நான் எழுந்தால்தான் திறக்கும். வரதன் தினமும் திட்டுவான். "பெருமாளுக்குத் தளிகை கண்டருளப் பண்ண வேண்டாமா? நகருடா, பூனை!"

தசமி அன்று, வெள்ளிக்கிழமை. பதினாறு பேர் கோஷ்டியாக உட்கார்ந்து பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தோம். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. வாசல் வழியாகப் பூக்காரி செல்லாயி ஓடிவந்தாள். கையில் கூடை. அவளுக்குப் பின்னால் அவளுடைய கொழுந்தன், அரிவாளோடு. புருஷன் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கொள்ளேகாலத்துப் பக்கம் இருக்கும் அரை ஏக்கர் நிலத்துக்குக் கைநாட்டு வைக்கச் சொல்லித் துரத்தினானாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது அரிவாள் மட்டும்தான்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். என்னிடம் இல்லை, என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவுக்கு. கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. அதே நேரம் உள்ளேயிருந்தும் யாரோ தள்ளினார்கள். என் முதுகில் பலகை இரண்டு தரம் இடித்தது. "பார்த்தா! நகருடா!" வரதன் குரல்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சேவிப்பதை இன்னும் உரக்கச் சேவித்தேன். அவன் குரல் யாருக்கும் கேட்காத அளவுக்கு உரக்க. கடைசியில் சாற்றுமுறைப் பாசுரம் ஆகும்வரை கோஷ்டியை விட்டு எழக்கூடாது என்று நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

கதவு திறக்காததால் வரதன் கொல்லை வழியாகச் சந்தில் ஓடி, வாசல் பக்கமாகச் சுற்றி வந்தான். கையில் உருளி மூடி. கொழுந்தன் செல்லாயியின் கூடையைப் பிளந்துவிட்டு அரிவாளை இரண்டாவது தரம் ஓங்கியபோது வரதன் குறுக்கே பாய்ந்தான். மூடி ஒரு வெட்டைத் தாங்கிற்று. அடுத்தது அவன் வலது கையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் நாலு பேர் எழுந்து அந்தக் கொழுந்தனை அமுக்கினார்கள். நான் அந்த நாலு பேரில் இல்லை.

இதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. எங்கள் கோஷ்டிக்குப் பெரியவர், ரிடையர்டு தாசில்தார் மாமா, என் தோளைத் தட்டி எல்லோரிடமும் சொன்னார்: "அரிவாளைப் பார்த்தும் ஒரு எழுத்து விடலை பாருங்கோ! இந்த வயசுல என்ன பக்தி!" மூன்று நாள் மரியாதையாக எனக்குத்தான் முதல் தீர்த்தம். வாங்கிக் குடித்தேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. வரதனுக்குப் புண் சீழ் பிடித்துவிட்டது. ஜுரம் மண்டைக்கு ஏறிவிட்டது. யுத்தத்தால் மருந்துக்குத் தட்டுப்பாடு. கையை எடுத்தாலும் உயிர் நிற்குமோ என்னவோ என்றார் டாக்டர். நான் போனபோது அத்தை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "உன் பிரார்த்தனை பெருமாளுக்குக் கேக்கும்டா. நீ சேவி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொடி எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. எழுதக் கை கூசுகிறது. வரதன் போய்விட்டால் அந்தக் கதவைப் பற்றி யாருக்கும் தெரியாது. செல்லாயி சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

ஆமாம், இதை நினைத்தவன் நான்தான். கப் வாங்கியவன்.

பயந்துபோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தேன். நடுப்பகல். கூடத்தில் யாரும் இல்லை. அந்தக் கதவுப் பக்கம் போகக் கால் வரவில்லை. பெருமாள் எதிரில் குப்புற விழுந்தேன். பாசுரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அவன் கை வேணும். அவன் வேணும். எல்லார் முன்னாடியும் நான் சொல்லிடறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." இவ்வளவுதான். இதையே எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. நெற்றியில் தரையின் சில்லிப்பு மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு அத்தையின் மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். வேர்த்து ஜுரம் இறங்கிவிட்டதாம். ரசஞ்சாதம் கேட்டானாம். டாக்டர் எங்கிருந்தோ தருவித்த மருந்துதான் காரணம் என்பார்கள். இருக்கட்டும். அந்த மருந்தை அன்றைக்கு அங்கே கொண்டு சேர்த்தது யார் என்று நான் கேட்பேன்.

மறுநாள் காலை கோஷ்டியில் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதுகில் இடித்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டது, நான் உரக்கக் கத்தியது.

தாசில்தார் மாமா முகம் சுண்டிவிட்டது. "ஸும்னே, பேசாம உக்காருடா. பதினாறு பேரும்தான் உக்காந்திருந்தோம். நீ மட்டும் என்ன?"

"உங்க முதுகுல கதவு இல்லை மாமா" என்றேன்.

அன்று தீர்த்தம் எனக்குக் கடைசியில் வந்தது. அதுதான் இனித்தது.

செல்லாயியிடமும் போனேன். எதிர்த்து நிற்காததற்கு மன்னிப்புக் கேட்டு டிபேட் மாதிரி நீளமாக ஆரம்பித்தேன். அவள் மல்லிகை தொடுப்பதை நிறுத்தவில்லை.

"அவனை நீங்க புடிக்கோணும்னு யாருங்க சாமி சொன்னா? புடிச்சிருந்தா உங்களையும் வெட்டியிருப்பான். கொஞ்சம் நவுந்திருந்தாப் போதுமுங்க. பூ எத்தன மொழம் வேணும்?"

கப் வாங்கிய என் பேச்சில் இந்தப் பாயிண்ட் இல்லை. சண்டை போடுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினேன். அடைக்கலம் என்று ஓடிவந்தவளுக்கு அரை அடி நகர்ந்து கொடுப்பதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. சரணாகதி, சரணாகதி என்று தினமும் சேவிக்கிற வாய் இது.

வரதன் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏண்டா நீ யார்கிட்டயும் சொல்லலை?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்" என்றான். "சரி, கறிகாய் நறுக்கத் தெரியுமா? வெள்ளிக் கப் ஒண்ணும் தரமாட்டேன்."

இப்போது விடியற்காலத்தில் மடைப்பள்ளியில் நான்தான் அடுப்பு மூட்டுகிறேன், அரைக்கிறேன். இரண்டு தரம் விரலை நறுக்கிக்கொண்டாயிற்று. டிபேட் பக்கம் போவதில்லை. கதவுக்கு எதிரே யாரையும் உட்கார விடுவதில்லை. பெருமாள் வரதனைக் கொடுத்தான். என்னையும் எனக்குத் திருப்பிக் கொடுத்தான், கொஞ்சம் சின்னதாக்கி.

உங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஏதாவது கதவு இருந்தால் பெருமாளிடம் சொல்லிவிடுங்கள். வீரம் வேண்டும் என்று கேட்காதீர்கள். நகர்கிற அளவுக்குத் தெம்பு கேளுங்கள். தருவான். எனக்கே தந்தான்.

வரதனுக்கு வலது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் மடங்கவில்லை.