என் கல்யாணத்தில் வாசித்த தேசிய கீதம்

மலாயா சுதந்திரம் அடைந்த புதிதில், மலாக்கா திடலில் பேண்டு வாத்தியக்காரர்கள் நம் தேசிய கீதத்தை வாசித்தபோது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நின்றார்கள். நான் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். பக்கத்தில் நின்ற வாத்தியார் ஒருவர் திரும்பி முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும். அவருக்கு அது தேசிய கீதம். எனக்கு அது என் கல்யாணத்தில் நாதஸ்வரத்தில் வாசித்த பாட்டு. அந்த மெட்டுக்கு ஒரு ஜப்பான்கார அதிகாரி எழுந்து நின்றதை மணையில் உட்கார்ந்தபடி பார்த்தவள் நான். எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அந்த மெட்டின் பூர்வீகத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை இது. பேராக் அரசர் ஒருவரை வெள்ளைக்காரன் கடல் தாண்டி ஒரு தீவுக்கு நாடு கடத்தினானாம். அங்கே கேட்ட மெட்டு அரச குடும்பத்தோடு திரும்பி வந்து அவர்களுடைய மாநில கீதமானதாம். பிறகு அது அரண்மனையைவிட்டு நழுவி நாடகக் கொட்டகைக்கு வந்து, தெருவுக்கு வந்து, நிலவைப் பாடும் காதல் பாட்டாகிவிட்டது. தண்டனையாக அனுப்பிய இடத்திலிருந்து வந்த மெட்டை வாசித்துத்தான் தண்டித்தவனையே வழியனுப்பி வைத்தோம் என்று நினைத்தால், இந்த வயதிலும் மனசு துள்ளுகிறது.

நாங்கள் மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். மலாக்காவுக்கு ராஜா மாறுவது புதிதில்லை. போர்த்துகீசியன், டச்சுக்காரன், ஆங்கிலேயன் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்து எழுந்து போன நாற்காலிதான். ஒவ்வொருவனும் ஒரு பாட்டோடு வருவான், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சினிமா முடிந்ததும் அவனுடைய ராஜா பாட்டைப் போடுவார்கள். அதற்கு நிற்கக்கூடாது என்றே கடைசிக் காட்சியைப் பார்க்காமல் எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார் அப்பா. எத்தனையோ படங்களுக்கு எனக்கு முடிவே தெரியாது.

"சாமி, ராஜாவக் காப்பாத்துன்னு பாடுறானுங்க. அவனுக்கு என்னா கொறச்சல்? நம்மளக் காப்பாத்தச் சொல்லி எவனாச்சும் பாடுறானா?" என்பார்.

ஜப்பான்காரன் வந்தான். அவனுடைய பாட்டைத் தினமும் காலையில் அவன் நாட்டுத் திசையைப் பார்த்துப் பாட வேண்டும் என்றானது. கூழாங்கல் வளர்ந்து பாறையாகிப் பாசி பிடிக்கும்வரை எங்கள் சக்கரவர்த்தி ஆள வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று ஜப்பானிய மொழி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"கல்லு வளர்ற வரைக்குமா? நம்ம வீட்டு அரிசி வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குதான்னு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கிளேபாங்கில் சைக்கிள் கடையில் வேலை. பெண் பார்க்க வந்தபோது பலகாரத்தைத் தொடாமல், எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளின் செயினைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதைச் சொல்ல இப்போது எனக்கென்ன வெட்கம்?

ஆனால் ஊரெல்லாம் ஒரே பேச்சு, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று. ரப்பர் தோட்டங்களில் லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்தது டவுன் என்றார்கள். கல்யாணமாகாதவனைத்தான் முதலில் பிடிப்பார்கள், குடும்பஸ்தனை விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. நிஜமோ பொய்யோ, முங்கப்போகிறவனுக்கு அந்தத் துரும்பு போதாதா? இரண்டு வீட்டுக்காரர்களும் நாளைக் குறித்தார்கள். எப்படியாவது அவர் கழுத்தில் மாலையும் என் கழுத்தில் தாலியும் ஏறிவிட வேண்டும் என்று நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் கூட அனுமதி வேண்டும். அப்பா போய்க் கேட்டார். கொடுத்தார்கள். ஆனால் நிஜக் கல்யாணம்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் வருவார், அவர் வந்ததும் எல்லோரும் ஜப்பானியப் பாட்டைப் பாட வேண்டும், பிறகுதான் தாலி என்றார்கள். சந்தேகம் வந்தால் மாப்பிள்ளை அப்படியே லாரியில் ஏற வேண்டியதுதான்.

அந்தப் பாட்டை என் அத்தைமார் எல்லோரும் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டே மனப்பாடம் செய்தார்கள். எல்லாவற்றையும் யோசித்த அப்பா ஒன்றை மறந்துவிட்டார். அதுதான் நாதஸ்வரக்காரர்.

அவர் தோட்டத்துக் கல்யாணங்களில் ஊதிப் பழகியவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குத் தோட்டத்துத் துரை வந்து தலையைக் காட்டுவார். பந்தல் வாசலில் துரையின் பூட்ஸ் தெரிந்ததுமே, வாசித்துக்கொண்டிருக்கும் ராகத்தை அப்படியே விட்டுவிட்டு வெள்ளைக்கார ராஜா பாட்டை ஊத வேண்டும். சபை எழுந்து நிற்கும். துரை உட்கார்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆயுசு முழுக்க அப்படி ஊதிய மனுஷர் அவர்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பந்தல் வாசலில் பளபளவென்று இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

நாதஸ்வரக்காரரின் கண் பூட்ஸைப் பார்த்தது. விரல் தானாக ஓடியது. லண்டன் ராஜாவைக் காப்பாற்றச் சொல்லிக் கணீரென்று எழுந்தது பாட்டு! அது போதாதென்று, பழகிய பாவத்துக்கு சபை முழுவதும் படாரென்று எழுந்து நின்றது.

அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழர், முன்பு வெள்ளைக்காரனிடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அதிகாரி புருவத்தைச் சுருக்கிக் காதைக் கொடுத்தார். நல்ல வேளை, நம் ஆள் அதில் போட்டிருந்த கமகத்தில், லண்டன் ராஜாவே வந்தாலும் தன் பாட்டென்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அப்பா கையை ஆட்டினார். நாதஸ்வரக்காரர் அப்போதுதான் சுயநினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என் பின்னால் நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா வாயைத் திறந்தார். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வம்சம். கெபாயா சட்டை, நெற்றியில் விபூதி, பேசுவது மலாய். தமிழில் "சாமி", "அக்கா" என்பதற்கு மேல் அவருக்கு அதிகம் வராது. "மாயின் லா! மாயின்!" என்று நாதஸ்வரக்காரரைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கைதட்டிக்கொண்டே அந்த நிலாப் பாட்டை எடுத்துவிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். விட்ட இடத்திலிருந்து பிடித்ததுபோல நாதஸ்வரம் அதன்மேல் ஏறிக்கொண்டது. தவிலும் வந்தது. செத்த பந்தலுக்கு உயிர் வந்துவிட்டது.

நின்ற சபைக்கு உட்காரப் பயம், எனவே நின்றுகொண்டே இருந்தது. நாற்காலியில் உட்காரப்போன அதிகாரி சுற்றிலும் பார்த்தார். ஏதோ பெரிய மரியாதைக்குரிய பாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார்.

முடிந்ததும் நேராக மணையருகே வந்து, மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் அரைகுறை மலாயில் கேட்டார், இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் முணுமுணுத்தார். "தங்கச்சி, மாப்ள பொண்ணு நல்லா இருக்கணும்னு சாமி பாட்டுன்னு சொல்லிரும்மா."

எனக்குப் பொய் வரவில்லை. நல்ல குணத்தினால் அல்ல, அவ்வளவு பயத்தில் பொய்யை யோசிக்க மூளை ஓடவில்லை. ஆம்பிளை வாயை நம்பாதே, சத்தியம் பண்ணிவிட்டு ஏமாற்றுவான் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லும் பாட்டு என்றேன்.

அதிகாரி என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் விரலை நீட்டி, அப்படியானால் இவனை நீ நம்புகிறாயா என்றார்.

எண்ணெய்க் கறை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தேன்.

"பெர்ச்சாயா" என்றேன். நம்புகிறேன் என்று. பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய காலம் அது.

அந்த ஆள் சிரித்துவிட்டார், வாய்விட்டு. தங்கள் பாட்டுதான் முதலில் என்ற உத்தரவையே மறந்து, தாலியைக் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். கெட்டி மேளம் கொட்டியது, தாலி ஏறியது. அதற்குப் பிறகு ஜப்பானியப் பாட்டைப் பாடினோம் பாருங்கள், அவ்வளவு சந்தோஷமாக அதை மலாக்காவில் வேறு யாரும் பாடியிருக்க மாட்டார்கள். என் அத்தை ஒருத்தி ஆனந்தக் கண்ணீரோடு பாடினாள். அதிகாரி மரவள்ளிப் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பிற்பாடு ஒருநாள் விடிந்ததும் எங்கள் தெருச் சடக்கில் லாரி வந்தது. வீடு வீடாக நின்றது. எதிர்வீட்டில் ஓர் அம்மா கதறும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலிலும் வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கும்படி. வெளியே அதே மொழிபெயர்ப்பாளரின் குரல், சிப்பாயிடம் ஏதோ ஜப்பானிய மொழியில் சொன்னது. பிறகு யாருக்கென்று தெரியாதபடி தமிழில் உரக்கச் சொன்னது.

"இந்த வீட்ல ஆள் எடுக்க வேணாம்னு அன்னைக்குக் கல்யாணத்துக்கு வந்த பெரியவரு சொல்லிட்டாரு. இங்க ஒரு பொண்ணு ஆம்பிளைய நம்பிருக்காம்."

லாரி கிளம்பிப் போயிற்று. அவர் என் கையை விடவே இல்லை. நானும் விடச் சொல்லவில்லை.