வண்டி போகும்வரை

இன்று மதியம் விடுதிச் சமையலறையில் யாரோ மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து நீரை வடித்தார்கள். அந்த ஆவி முகத்தில் பட்டதும், பாறசாலையில் இரண்டாவது தண்டவாளத்துக்காக இடித்துத் தள்ளிய எங்கள் பழைய அடுக்களையில் பசியோடும் பயத்தோடும் நின்றேன்.

எங்கள் துண்டு நிலத்தில் எலிகூடத் தொடாத கசப்பு மரச்சீனியே விளைந்தது. ஒழுங்காக வடிக்காவிட்டால் விஷம். அதனால், மற்ற வீடுகளில் அம்மாக்கள் கடைசியாகச் சாப்பிட, எங்கள் வீட்டில் அம்மா முதலில் சாப்பிடுவாள். இருமுறை நீர் வடித்து, ஒரு துண்டைக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியில் தொட்டு விழுங்கிவிட்டு, கால்மணி நேரம் கழித்து நாகர்கோவில் ரயில்வண்டி வீட்டைக் கடக்கும்வரை என் தட்டைத் தன் மடியிலேயே வைத்திருப்பாள். கூரை ஓடுகள் நடுங்கி அடங்கும்வரை நான் அவள் உதட்டையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னத்துக்கு இப்பிடி முழிச்சிப் பாக்கிய? நான் செத்தா உனக்கு ரெண்டு துண்டு கூடுதல் கிட்டுமாக்கும்," என்பாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த விஷம் வேலை காட்டப் பல மணி நேரம் ஆகலாம் என்று அங்கேதான் படித்தேன். அன்றே அம்மாவைப் போனில் கூப்பிட்டு, வண்டிக்காகக் காத்திருந்த அந்தக் கால்மணி நேரத்தால் ஒரு பயனும் இல்லை என்று படித்த பெருமையோடு சொன்னேன்.



"எனக்குத் தெரியும் மக்கா," என்றாள் அம்மா. "அதுக்கு மேல உனக்க பசி தாங்காதுல்லா."